ராகு காலத்தில் ஓடிய பஸ்

“எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் என் பெண்ணைப் பார்க்க அடையாறிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். பஜ்ஜியைச் சாப்பிட்டு, காப்பியைக் குடித்து, சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பையனின் அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“ஒண்ணும் வேண்டாம்னா, ஒண்ணுமே வேண்டாமா? இல்லே, ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணுமா? இப்பவே சொல்லிடுங்கோ” என்றேன்.

அந்த அம்மாள் திகைத்துப்போய்த் தன் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஸ்ரீதர் தேவையில்லாமல் இருமினார். அவர்கள் போன பிறகு என் பெண், “ஏம்மா, வர்றவா எல்லார்கிட்டயும் இப்படித்தான் விசாரணை பண்ணப் போறியா?” என்று கேட்டாள். அவளுக்கென்ன, சிரிக்கிறாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நடந்து நடந்து அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. கம்பெனியின் முதலாளி நடராஜன் சார். அவரைத் தவிர நாங்கள் நாலைந்து பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஏர்கண்டிஷனர். (அதுவும் கம்ப்யூட்டருக்கு. எங்களுக்கு மின்விசிறி.) எனக்குத் தலைக்கனம் உச்சத்தில் இருந்த காலம். கம்ப்யூட்டர் படித்த பெண் என்றால் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவே கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். குறைந்தபட்சம் நான் அப்படி நினைத்துக்கொண்டு நடந்தேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர் தி.நகரில் ஒரு கல்யாணச் சாமான் கடை. எவர்சில்வர் குடத்தில் ஆரம்பித்து பீரோ, கட்டில், கிரைண்டர் வரை எல்லாம் அங்கே கிடைக்கும். கடை தி.நகரில், கிடங்கு கிண்டியில். பில் போட ஒரு புரோகிராம், முதலாளியின் மச்சினர் யாரோ எழுதியது. கிடங்கு இருப்புக்கு இன்னொன்று, வேறு யாரோ எழுதியது. கணக்குக்கு மூன்றாவது, ஆடிட்டர் வாங்கிக் கொடுத்தது. மூன்றும் ஒரே முதலாளியின் சோற்றைத் தின்றாலும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் மனிதர்கள் பேசினார்கள். பில் போட்டதும் ஒருவர் போனை எடுத்து, “ஹலோ, கிண்டியா? கேக்குதா? குத்துவிளக்கு ரெண்டு, பெருசு! விளக்குய்யா, விளக்கு!” என்று அலறுவார். வாசலில் போகிறவர்களுக்குக்கூட யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன போகிறது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கூச்சலை ஒழிக்க நான் கிளம்பினேன். மூன்று புரோகிராம்களையும் மாற்ற வேண்டாம், நடுவில் ஒரு பஸ் ஓட்டினால் போதும் என்பது என் திட்டம். ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ஸ்டாப். பில் போடுகிற இடத்தில் சேதி ஏறும். கிடங்கு ஸ்டாப்பிலும் கணக்கு ஸ்டாப்பிலும் அவரவருக்குப் புரிகிற பாஷையில் இறங்கும். யாரும் யாரையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பின்னாளில் இதற்கு ‘எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்’ என்று பெரிய பெயர் வைத்துப் பெரிய கம்பெனிகள் பெரிய விலைக்கு விற்றன. நாங்கள் வெறும் ‘பஸ்’ என்றோம்.

கிண்டிக்கும் தி.நகருக்கும் நடுவே டெலிபோன் லைனில் மோடம் வைத்து பஸ்ஸை ஓட்டினேன். கிடங்கில் இருந்தது ஒரே ஒரு லைன். அதை மோடத்துக்குப் பிடுங்கிக்கொண்டேன். கிடங்குப் பொறுப்பாளர் முனுசாமி, “ஏம்மா, இன்னா ஏதுன்னு கடைக்கு ஒரு வார்த்த கேக்கணும்னா?” என்று தலையைச் சொறிந்தார்.

“கேக்கவே வேண்டாம், முனுசாமி. பிரிண்டர்ல என்ன சீட்டு வருதோ அதை அப்படியே அனுப்புங்க. கம்ப்யூட்டர் சொன்னா கேள்வி கேக்கக் கூடாது” என்றேன். (இந்த வாக்கியத்தைப் பிறகு நான் பலமுறை, பலர் வாயிலிருந்து, பல குரல்களில் கேட்டேன்.)

டெலிபோன் லைன் அடிக்கடி அறுந்துபோகும். ஆகவே பஸ்ஸுக்கு ஒரு விதி எழுதினேன். கிடங்கிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வராவிட்டால், பத்து நிமிஷம் பொறுத்து அதே சேதியைத் திரும்ப அனுப்ப வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய பதில் ஏதாவது வழியில் தங்கியிருந்து தாமதமாக வந்தால் பஸ் ஏமாந்துவிடுமே என்று இன்னொரு விதியும் சேர்த்தேன். சேதியில் அது எழுதப்பட்ட நேரம் இருக்கும், பதிலிலும் இருக்கும். பதிலின் நேரம் சேதியின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால்தான் பஸ் அதை நம்பும். முந்தியதாக இருந்தால் அது வேறு எதற்கோ வந்த பதில் என்று தள்ளிவிடும். நடராஜன் சார் இதைக் கேட்டுவிட்டு, “நீ ரொம்ப தூரம் யோசிக்கறேம்மா” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே பில் எண் இரண்டாம் முறை வந்தால் கிடங்கு அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் தப்பித்திருக்கும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உடைந்த சாமானுக்கு மாற்று அனுப்பும்போது கடையில் அதே பில் எண்ணைத்தான் போடுவார்கள். கடையின் அந்த வழக்கத்தைத் துருவிக் கண்டுபிடித்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை. (கண்டுபிடிக்காத வழக்கம் ஒன்று பாக்கி இருந்தது.)

இந்தச் சமயத்தில்தான் எனக்கும் ஸ்ரீதருக்கும் கல்யாணம் நிச்சயமானது. ஸ்ரீதரின் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அவருடைய அப்பா ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். வரதட்சணைக்கு எதிராக எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் போய்ப் பேசுவார். கூப்பிடாவிட்டாலும் போவார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே சந்தில் இருந்த அத்தனை வீட்டிலும், “எங்காத்துக் கல்யாணத்துல ஒண்ணும் கிடையாது. பொண்ணு வரா, அவ்வளவுதான்” என்று அறிவித்துவிட்டார்.

ஆனால் சமையலறைக்கு ஒரு தனி அரசாங்கம் உண்டு. ஸ்ரீதரின் அம்மா என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்காத்து கிரைண்டர்ல கல்லு தேஞ்சு மழமழன்னு ஆயிடுத்து. மாவு நைய மாட்டேங்கறது. நான் கேட்டேன்னு அவர்ட்ட சொல்லிடாதேங்கோ” என்றார். என் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வெறுங்கையோடு பெண்ணை அனுப்புவதா என்று குமைந்துகொண்டிருந்தவர் அவர். நேராகப் போய் மாமாவிடம், அதாவது ஸ்ரீதரின் அப்பாவிடம், கெஞ்சினார். வெகுநேரம் வாதாடிய பிறகு மாமா இறங்கி வந்தார்.

“சரி. ஒரே ஒரு கிரைண்டர். அதுவும் அவளோட உபயோகத்துக்கு. அதுக்கு மேல ஒரு ஸ்க்ரூ வந்தாலும் கல்யாணம் கிடையாது. நான் சொன்னா சொன்னதுதான்.”

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். தன் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே, அங்கே ஸ்கூட்டர் வாங்கினார்கள் என்று, போகாதவர்.

பஸ் ஓட ஆரம்பித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் என்பதால் ஒரே ஒரு கவுண்டரில் மட்டும் சோதனை ஓட்டம், மற்ற கவுண்டர்களில் பழையபடி அலறல். அந்தக் கவுண்டரில் முதல் ஆர்டர் நம்முடையதாகவே இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. என் பஸ்ஸில் ஏறி என் கிரைண்டர் என் புக்ககம் போய் இறங்க வேண்டும். அப்பாவிடம், “ஒன்பது மணிக்கே வந்துடுங்கோப்பா” என்று சொல்லிவிட்டு, கடையின் மாடியில் நடராஜன் சாரோடு உட்கார்ந்துகொண்டேன். எதிரே என் கம்ப்யூட்டர். திரையில் நானே வரைந்த ஒரு பச்சை விளக்கு. சேதி போனாலும் வந்தாலும் அது மினுக்கும்.

பதினொரு மணிக்குள் அது மினுக்க ஆரம்பித்தது. எனக்குப் புல்லரித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மினுக்கியது. அப்புறம் மறுபடி.

“நன்னா ஓடறதும்மா!” என்றார் நடராஜன் சார்.

“ஓடும் சார்” என்றேன் அடக்கமாக. (அடக்கம் என்று நான் நினைத்த ஒரு முகபாவம்.)

பன்னிரண்டு மணிக்கு மேல் விளக்கு அமைதியாகிவிட்டது. சார் கீழே ஆள் அனுப்பி ஜாங்கிரி வரவழைத்தார். நான் ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு போன் வந்தது. ஸ்ரீதர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“மைதிலி, எத்தனை கிரைண்டர் வாங்கினேள்?”

“ஒண்ணு. வந்துடுத்தா?”

“வந்துடுத்து. இப்போ நாலாவது இறங்கிண்டிருக்கு.”

“என்னது?”

“லாரியில இன்னும் இருக்கு. அப்பா வாசல்ல நிக்கறார். நீ உடனே வா. இல்லே, வராதே. இல்லே, வந்துடு.”

கிண்டிக்குப் போன் செய்து லாரியைத் திருப்பச் சொல்லலாம் என்று கை போனுக்குப் போனது. அந்த லைனில் என் மோடம் உட்கார்ந்திருந்தது. என் காதில் ‘கீ’ என்று கத்தியது. ஜாங்கிரிப் பிசுக்கோடு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம், பரவாயில்லை, நாலு என்றால் சமாளித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா, தனியா பேசிக்கினு வர? ஆஸ்பத்திரிக்கா?” என்றார்.

சந்து முனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. உள்ளே போக வழியில்லை. லாரி திரும்ப முடியாமல் நின்றது. அதற்கு முன்னால், மாமா வீட்டு வாசலில், கிரைண்டர்கள். ஒன்பது. இறக்கியவர்கள் அவசரத்தில் கண்டபடி வைத்ததில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு நவக்கிரகம் போல நின்றன. நடுவில் மாமா. ஓரமாக என் அப்பா. சீர் தனியாகப் போகக் கூடாது என்று வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு தட்டு எடுத்துக்கொண்டு முன்னாடியே வந்து காத்திருந்தாராம். தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல், நீட்டவும் தைரியமில்லாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீதர் ஆறாவதோ ஏழாவதோ கிரைண்டரில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

சந்து முழுக்க வாசலில் நின்றது. எதிர்வீட்டு மாமி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள்: “வேண்டாம்னு சொன்னதுக்கே இத்தனைன்னா, வேணும்னு சொல்லியிருந்தா?”

சந்து சிரித்தது. மாமாவின் காது மடல் சிவந்தது.

லாரியோடு வந்திருந்த முனுசாமியை நான் பிடித்துக்கொண்டேன். “என்ன முனுசாமி இது? ஒரே வீட்டுக்கு ஒன்பதா? உங்களுக்கே சந்தேகம் வரலையா?”

“வந்துச்சு மேடம். ராவு காலத்துல சரக்க வெளிய வுட மாட்டோம், தெரியும்ல? பன்னெண்டு அடிக்கட்டும்னு குந்திக்கினு இருந்தா, சீட்டு வந்துக்கினே கீது. சரி, மாப்ள ஊட்ல ஓட்டல் வெக்கப் போறாங்க போலன்னு நெனச்சேன்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“எதுல கேக்கறது? போன் லைனத்தான் நீ புடுங்கிக்கினு பூட்டியே. கம்ப்யூட்டர் சொன்னா கேள்வி கேக்கக் கூடாதுன்னியா இல்லியா?”

சொன்னேன்தான்.

மாமா என் அப்பாவின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “என்னை நாலு பேருக்கு நடுவுல அவமானப்படுத்தணும்னு எத்தனை நாளா திட்டம் போட்டேள்? ‘வேண்டாம் வேண்டாம்னு மேடையில பேசினான், வாசல்ல பார், லாரி நிக்கறது’ன்னு ஊர் சொல்லணும். அதானே?”

“சத்தியமா ஒண்ணுதான் வாங்கினேன்” என்றார் அப்பா. தட்டில் தேங்காய் ஆடியது.

நான் முன்னால் போனேன். “மாமா, அப்பா பேர்ல தப்பே இல்லை. இது கம்ப்யூட்டர் பண்ணின தப்பு.”

மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி மக்களுக்கு இருந்த மரியாதையை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள்ளேயே போவார்கள்.

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா? அது மிஷின். ரயில் டிக்கெட்டே அதுலதான் குடுக்கறான். ஒரு பர்த்துல ஒன்பது பேரையா படுக்க வெக்கறான்? மனுஷாதான் தப்பு பண்ணுவா. உங்கப்பாவைக் காப்பாத்தறதுக்காக மிஷின் மேல பழி போடாதே.” பிறகு ஸ்ரீதரிடம், “உள்ள வா. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது” என்றார்.

ஸ்ரீதர் நகரவில்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, என் அம்மா உறவு முழுக்கப் போய்ப் புடவை கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எனக்கோ ஏன் இப்படி ஆயிற்று என்று காரணமே தெரியவில்லை. தெரியாததை எப்படி நிரூபிப்பது? கிளம்பும்போது திரையில் பார்த்தேன். எல்லாம் சரியாக, பச்சையாக இருந்தது.

என் அப்பா கடைசி முயற்சியாகச் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினார். “நீங்களே பாருங்கோ. எவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணினேன் தெரியுமா? ஒன்பது மணிக்குக் கிளம்பினவன், ரயில்வே கேட்ல மாட்டிண்டு கடைக்கு வரச்சே பத்தே முக்கால் ஆயிடுத்து. வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் உக்காந்துடறேன்னுதான் சொன்னேன். அந்தக் கவுண்டர்ல இருக்கற கோதண்டம்தான், ‘நீ இன்னாத்துக்கு சார் காத்துக்கினு கெடக்கற? கடியாரத்த தள்ளி வெச்சுட்டா போவுது’ன்னு கம்ப்யூட்டர்ல டயத்தை மாத்திட்டு பில் போட்டுக் குடுத்தான். பாருங்கோ, பன்னெண்டு அஞ்சுன்னு இருக்கு. தங்கமான பையன்.”

அந்தப் பில்லைப் பிடுங்கிப் பார்த்தேன்.

கல்யாணச் சாமான் வாங்க வருகிறவர்கள் ராகு காலத்து நேரம் அச்சாகியிருக்கும் பில்லைத் தொடமாட்டார்கள். அதற்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே தினமும் ராகு காலம் வந்ததும் கவுண்டரில் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதும், முடிந்ததும் திருப்பி வைப்பதும் அந்தக் கடையில் விளக்கேற்றுவது மாதிரி ஒரு வேலை. யாரும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் சாயங்கால வேளைகளில், என் கையாலேயே.

“மாமா!” என்று கத்தினேன். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

“மாமா, நான் நாளைக்குத் தேதி போட்டு உங்களுக்கு ஒரு லெட்டர் எழுதறேன். நீங்க இன்னிக்கே, இன்னித் தேதி போட்டு, ‘உன் லெட்டர் கிடைச்சுது’ன்னு பதில் போடறேள். அதை நான் நம்புவேனா?”

“எப்படி நம்புவே? இன்னும் எழுதவே எழுதாத லெட்டருக்கு பதிலா?”

“அதான் மாமா ஆச்சு. ஆர்டர்ல பன்னெண்டு அஞ்சுன்னு இருக்கு. கிடங்குலேர்ந்து ‘வந்துடுத்து’ன்னு பதில் பத்தே முக்காலுக்கே வந்துடுத்து. என் பஸ் நம்பலை. இது வேற எதுக்கோ பதில்னு நினைச்சுண்டு மறுபடி அனுப்பித்து. அதுக்கும் பதில் வந்தது, அதையும் நம்பலை. நிஜமா பன்னெண்டு அஞ்சு ஆற வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பிண்டே இருந்திருக்கு. கணக்குப் பண்ணிப் பாருங்கோ, ஒன்பதுதான் வரும்.”

மாமா விரலை மடக்கினார். வாத்தியார் அல்லவா, கணக்கு என்றால் விடமாட்டார். பத்தே முக்கால், பத்து ஐம்பத்தைந்து என்று முணுமுணுத்துக்கொண்டே போய் ஒன்பதாவது விரலில் நின்றார்.

“அப்போ இந்த விதியை எழுதினது யார்?”

“நான்தான்.”

“ஆக, மிஷின் தப்பு பண்ணலை.”

“இல்லை மாமா. நான் என்ன சொன்னேனோ அதைத்தான் பண்ணித்து.”

“நீதான் முட்டாள்தனமா சொல்லியிருக்கே.”

சந்து முழுக்க என் முகத்தைப் பார்த்தது. அதுவரை என் பெருமையெல்லாம் அந்த விதியில்தான் இருந்தது.

“ஆமாம் மாமா. படு முட்டாள்தனம்” என்றேன்.

அவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. ஆனாலும் வாத்தியார். “வாய் வார்த்தை போறாது. நாளைக்கு சனிக்கிழமை, ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். என் கண் முன்னால பண்ணிக் காட்டு. அப்படியே நடந்தா உங்கப்பா நிரபராதி. நடக்கலைன்னா கிரைண்டரோட அவரையும் லாரியில ஏத்தி அனுப்பிச்சுடறேன்.”

நடராஜன் சாரிடம் போய், இன்றைக்கே சரி செய்ய வேண்டிய தப்பை நாளைக் காலை பத்தரை மணி வரை அப்படியே விட்டுவைக்கும்படி வேண்டிக்கொண்டேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “தப்பு பண்ணினதுக்கு மன்னிப்புக் கேட்டுப் பாத்திருக்கேன். தப்பைப் பத்திரமா வெச்சிருக்கறதுக்கு யாராவது பர்மிஷன் கேப்பாளோம்மா?” என்றார். கடை முதலாளி அதற்குமேல் குதித்தார். ஆனால் வந்திருப்பது வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணம். கல்யாணம் நின்றால் ராசியில்லாத கடை என்று பெயர் வந்துவிடும் என்று பயந்து ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை மாமாவும் அப்பாவும் நானும் கிண்டிக் கிடங்கில், பிரிண்டரைச் சுற்றி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். தி.நகரில் கோதண்டம் கடிகாரத்தைத் தள்ளி வைத்து, மாமா பெயரில் ஒரு தோசைக் கரண்டிக்கு பில் போட்டான். பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டைக் கக்கியது. நாங்கள் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் ஒரு புரோகிராம் தப்பாகப் போக வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டது அன்றுதான். பத்து நிமிஷம் இப்படியும் நீளுமா? பாழாய்ப்போன பஸ் இன்றைக்கென்று ஒழுங்காக நடந்துகொண்டுவிட்டால்? நான் எழுந்து நடந்தேன். அப்பா எழுந்து நடந்தார். முனுசாமி, “குந்துங்கம்மா, எனக்கே கிறுகிறுக்குது” என்றார்.

கரகர.

மாமா சீட்டைக் கிழித்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தோசைக் கரண்டி ஒன்று. மயிலாப்பூர்.

“வந்துடுத்து!” என்றார்.

மூன்றாவது சீட்டுக்கு என் அப்பாவின் தோளைத் தட்டினார். நான்காவதுக்கு முனுசாமியிடம் காப்பி கேட்டார். ஆறாவது வரும்போது இரண்டு சம்பந்திகளும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இப்போ பாருங்கோ, இப்போ பாருங்கோ” என்று மேட்ச் பார்ப்பதுபோல் கூவிக்கொண்டிருந்தார்கள். கிடங்கு ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு கரகரவுக்கும் கைத்தட்டல். என் அறிவின் ஓட்டையைப் பார்த்து அத்தனை பேர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

கடை முதலாளி அன்றே பஸ்ஸை நிறுத்திவிட்டு, கிண்டி லைனை போனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் விதியைத் திருத்தி எழுதிக் கொண்டுபோனபோது, “நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கு. வெச்சுட்டுப் போ” என்றார். அதன்பின் அதை யாரும் தொடவில்லை. எட்டு கிரைண்டரில் ஐந்துதான் லாரியில் திரும்பியது. மூன்றைச் சந்திலேயே வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒன்று எதிர்வீட்டு மாமி. இறக்கிய சாமானைத் திருப்பி ஏற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். விலையிலும் நன்றாகக் குறைத்துக்கொண்டாள்.

கல்யாணம் நடந்தது. வரவேற்பில் மாமா மைக்கைப் பிடித்து வழக்கமான வரதட்சணைப் பேச்சை ஆரம்பித்து, நடுவில் என்னைக் காட்டி, “என் மருமகள் செய்த தவறு இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியது” என்றார். அதற்கப்புறம் மேடைக்கு வந்தவர்கள் பரிசை ஸ்ரீதர் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக உற்றுப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் இன்றுவரை யாரும் என்னிடம் எதையும் வாங்கிவரச் சொல்வதில்லை. ஸ்வீட் ஆர்டர், காஸ் சிலிண்டர், கோவில் பிரசாதம், எதுவானாலும், “அவ கையில குடுக்காதே. ஒண்ணு கேட்டா ஒன்பது வந்து நிக்கும்” என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்வார்கள்.

மாமியார் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து என்னைக் கேலி செய்ததே இல்லை. மாவு நன்றாக நைந்ததில் அவருக்கு என்மேல் தனிப் பிரியம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெண் வயிற்றில் இருந்தபோது முதல் ஸ்கேனுக்கு அவர்தான் துணைக்கு வந்தார். டாக்டர் அம்மாள் திரையைப் பார்த்துப் புன்னகைத்து, “குழந்தை நன்றாக இருக்கிறது” என்றார். மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டரின் பக்கம் குனிந்து, மிகுந்த கவலையோடு கேட்டார்:

“ஒண்ணுதானே டாக்டர்? எதுக்கும் ஒரு பத்து நிமிஷம் இருந்து பாத்துடுங்கோ.”